பார்க்கின்சன் மனச்சோர்வுக்குக் காந்தத் தூண்டல்: கேளுங்கள், சொல்கிறேன்

மதுரையில் ஒரு மனநலப் பிரிவில் எட்டு வருடம் மூளையைக் காந்தத்தால் தூண்டும் இயந்திரத்தோடு வேலை பார்த்த நர்ஸ் நான், இப்போது ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் இருக்கிறேன். மருந்தளவு சொல்ல மாட்டேன். முதலிலேயே ஒன்று: யார் என்ன சொன்னாலும் பார்க்கின்சன் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அக்கா, அப்பாவுக்கு ஆறு வருடமாகப் பார்க்கின்சன் நடுக்க நோய். மீன் வலையைத் தொடுவதே இல்லை, பேச்சும் குறைந்துவிட்டது. காந்தம் வைத்தால் சரியாகுமா? (தங்கச்சிமடம்)

அது சோம்பலும் இல்லை, வயதும் இல்லை. உடல் அசைவைப் பார்த்துக்கொள்ளும் டோபமைன் என்ற மூளை ரசாயனம் மட்டுமல்ல, மனநிலையைப் பார்த்துக்கொள்ளும் செரோடோனின் பாதைகளும் இந்த நோயில் அடிபடுகின்றன. சிலருக்குக் கை நடுங்குவதற்கு வருடங்கள் முன்பே மனச்சோர்வு வந்துவிடும். முகத் தசை இறுகிச் சிரிப்பு வராமல் போவது வேறு, மனம் இருண்டுபோவது வேறு. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் எது என்று தெரியும்.

காந்தத் தூண்டல் 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் வந்தது. 2008-இல் அமெரிக்கா மனச்சோர்வுக்கு அனுமதித்தது, ஆனால் அது பொதுவான மனச்சோர்வுக்கு. பார்க்கின்சனில் 2004-இல் வந்த ஓர் ஆய்வில் ஃப்ளூக்செடின் என்ற மனச்சோர்வு மாத்திரைக்குச் சமமாகப் பலன் தெரிந்தது. 2016-இல் பல ஊர் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்த ஆய்வில் உடல் அசைவு தேறியது, மனநிலையோ போலிச் சிகிச்சை (பெயருக்குச் செய்வது, தூண்டல் இராது) பெற்றவர்களைவிடத் தேறவில்லை. அதனால் மனச்சோர்வு மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் முதலில், காந்தம் அப்புறம் என்றுதான் சொல்வேன்.

உட்காரவைத்து, விழித்திருக்கும்போதே செய்வது. முதல் நாள் காந்தத் துடிப்பு தரும் கம்பிச் சுருளைத் தலையில் நகர்த்தி நகர்த்தி, கட்டைவிரல் துடிக்கும் அளவைப் பிடிக்க வேண்டும். நடுங்கும் கையில் எது நடுக்கம், எது துடிப்பு என்று பிரிப்பது பெரும்பாடு. தலையணைமேல் மணிக்கட்டை வைத்து, நடுக்கம் அடங்கும்வரை காத்திருப்பேன். பிறகு சுருள் இடது முன்நெற்றிப் பக்கம் போகும். மரங்கொத்தி கொத்துவது போலச் சத்தம், காதுக்கு அடைப்பான் உண்டு. வாரம் ஐந்து நாள், நாலு முதல் ஆறு வாரம். தங்கச்சிமடத்திலிருந்து தினமும் மதுரைக்குப் போய்வர முடியாது, அங்கே தங்க இடம் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இது ஷாக் ட்ரீட்மெண்ட் தானே? (தொண்டி)

இல்லை. அதில் மயக்க மருந்து கொடுத்து வலிப்பை வரவைப்பார்கள். அதையும் பேயாகப் பார்க்காதீர்கள், பார்க்கின்சனோடு வரும் கடுமையான மனச்சோர்வில் அது நன்றாகவே உதவுகிறது.

வாப்பாவுக்கு மூளையில் கருவி வைத்திருக்கிறது. செய்யலாமா லாத்தா? (கீழக்கரை)

கருவி வைத்த டாக்டரைக் கேட்காமல் அந்த அறைக்குள்ளேயே கூட்டிப்போகாதீர்கள். காதுக்குள் கருவி, தலைக்குள் கிளிப், வலிப்பு வந்த வரலாறு இருந்தாலும் முன்பே சொல்ல வேண்டும்.

அம்மா மாத்திரை போட்ட அன்றும் மதியம் அழுகிறார். காந்தம் தேவையா? (தேவிபட்டினம்)

மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று ஒரு வாரம் எழுதுங்கள். பார்க்கின்சன் மாத்திரையில் இருக்கும் மருந்தான லெவோடோபா தீரும் நேரத்தில் உடல் இறுகும், கூடவே பதற்றமும் அழுகையும் வரும். மீன் குழம்போடு சேர்த்துப் போட்டால் புரதம் மருந்து ஏறுவதைத் தடுக்கலாம். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கடற்கரையில் பிறந்தவரை மீன் சாப்பிடாதே என்பதா? எங்கள் அப்பா பல வருடமாகச் சாளையோடுதான் மாத்திரை போடுகிறார்! (பாம்பன்)

தம்பி, சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, நேரத்தைச் சொன்னேன். மருந்தின் பலன் ஏறி இறங்கத் தொடங்கியவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. உங்கள் அப்பாவுக்கு அது வராமல் இருக்கலாம், நல்லது. மீனை நிறுத்தி ஆள் மெலிந்தால் அது இன்னொரு கேடு.

அப்போ மாத்திரைக்குப் பதில் பூனைக்காலிப் பொடி? (பாம்பன், அதே தம்பி)

பூனைக்காலி விதையில் இருப்பதும் லெவோடோபாதான். பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் மாத்திரையோடு சேர்த்தால் அளவு தப்பும். டாக்டருக்குத் தெரியாமல் பொடி வேண்டாம், மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

ஷாக் மாதிரி வலிக்குமா? (ஏர்வாடி)

ஷாக் இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன், படியுங்கள். தலைவலி, தாடைத் துடிப்பு சிலருக்கு வரும்.

காந்தம் வைத்தால் மாத்திரையை விட்டுவிடலாமா? (மண்டபம்)

விடாதீர்கள். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

அப்பா "போய்ச் சேர்ந்தால் போதும்" என்கிறார். (ராமேஸ்வரம்)

மற்றதெல்லாம் இருக்கட்டும். இன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள், மாத்திரை டப்பாவும் வலைக் கயிறும் அவர் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். இப்போதே பேச ஆள் வேண்டும் என்றால் டெலி மானஸ் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பேசிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.