வீடு மாத்தினா லேக் போயிடுமா?

100 எம்பிபிஎஸ் நெட் லைன் இருந்தும் ராத்திரி ஆன்லைன் கேம் மேட்ச்ல பிங் (டேட்டா கேம் சர்வருக்குப் போய்த் திரும்பி வர்ற நேரம்) எகிறி கேம் லேக் ஆகுதுன்னு வீட்டையே மாத்தப் போறீங்களா ப்ரோ, கொஞ்சம் பொறுங்க. ஸ்பீடு வேற பிங் வேற. வீட்ல யாராச்சும் ஃபோன்ல போட்டோ பேக்கப் ஓடவிட்டிருந்தா அப்லோடு அடைச்சுக்கிட்டு உங்க கேமோட டேட்டா பாக்கெட் எல்லாம் ரவுட்டர்ல க்யூல நிக்கும், அப்படின்னா எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். முதல்ல லேன் கேபிள் போட்டுப் பாருங்க, அப்புறம் ரவுட்டர்ல எஸ்கியூஎம் (SQM, க்யூ நீளாம டேட்டாவ ஒழுங்கா அனுப்புற செட்டிங்) இருந்தா ஆன் பண்ணி அப்லோடு லிமிட்ட நிஜமா வர்ற ஸ்பீடுல 90 சதவீதம் கிட்ட வைங்க, பேக்கப் ஓடும்போதே வித்தியாசம் தெரியும். அதுக்கும் மசியலன்னா தாராளமா வீடு தேடுங்க, ஆனா லைன் எந்த ரூமுக்குள்ள வருதுன்னு பாத்துக்கோங்க, ரவுட்டர் ஹால்ல நீங்க கடைசி ரூம்லன்னா 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சிக்னல் ரெண்டு கான்கிரீட் சுவரு தாண்டுறதுக்குள்ள நொந்துடும். ஓனர் "வைஃபை சூப்பரா வரும்"னு சொல்றத மட்டும் நம்பிடாதீங்க, அவரு கேமா ஆடுறாரு.