ரேந்தை கட்டிய பள்ளிக்கூடம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நாகர்கோவிலில் நான் படித்த பெண்கள் பள்ளி மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கியது. அவருக்குச் சிலை வைக்கப் பழைய மாணவிகள் சேர்ந்து பணம் திரட்டுகிறோம். மயிலாடியில் கல்லில் செய்யலாம் என்று சிலர், வெண்கலம்தான் நல்லது என்று சிலர். வெள்ளைக்காரிக்கு எதற்குச் சிலை என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். அந்த அம்மையார் வராமல் இருந்திருந்தால் நாமெல்லாம் எழுத்தறியாமல் கிடந்திருப்போம். அந்தக் கருணைக்கு ஒரு சிலை கூடாதா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழைய மாணவி, நாகர்கோவில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

கல்லா வெண்கலமா என்பதைப் பணம் போடுகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வீட்டுக்காரரின் கேள்விக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க நான் தயாரில்லை. சிலை வையுங்கள். அந்த அம்மையார் அதற்குத் தகுதியானவர்.

ஆனால் ‘கருணை’ என்று எழுதினீர்களே, அதை என்னால் கடந்துபோக முடியவில்லை. படித்த பெண் எழுதுகிற வரியா அது? மால்ட் அம்மையாருக்கு முன்னால் இங்கே வந்த ஜெர்மன் பாதிரியார் ரிங்கல்தௌபே 1806ல் திருவிதாங்கூருக்கு வந்தார் என்றால், தஞ்சாவூர் போய்க் கிறிஸ்தவராகத் திரும்பிய மயிலாடி வேதமாணிக்கம் கூப்பிட்டதால் வந்தார். கூப்பிட்டது நம் ஆள். படிப்பு வேண்டும் என்ற தவிப்பு இங்கே இருந்தது. அதை மறந்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டே இருந்தால் எப்படி?

மால்ட் தம்பதி 1819 கடைசியில் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்ப யாரும் தயாராக இல்லாத காலம். சோறும் துணியும் கொடுத்து, தங்க இடமும் கொடுத்துத்தான் சேர்க்க முடிந்தது. அதற்குக் காசு வேண்டுமே? அம்மையார் தம் ஊரில் கற்ற ரேந்தைப் பின்னலை, அதாவது லேஸ் பின்னலை, அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். பின்னியது ஐரோப்பியர்களிடம் விலைபோனது, விடுதிச் செலவு நடந்தது. அடிமைகளாகப் பிறந்த பெண்கள் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்கினார்கள். அந்தப் பள்ளியை நடத்தியதில் பாதி, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் விரல்கள். இதைக் கருணை என்ற ஒரே சொல்லில் மூடிவிடாதீர்கள்.

என் பெரியம்மை ரேந்தை பின்னுவாள். வைக்கோல் திணித்த கெட்டித் திண்டு, அதன்மேல் ஓட்டை குத்திய அட்டை, ஓட்டைக்கு ஓட்டை குண்டூசி. நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். அவள் கை போகிற வேகத்தில் கட்டைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டே இருக்கும். நாங்கள் பேசினால் ஒரு கையை மட்டும் தூக்கி, சும்மா இரு என்பாள். கண் அட்டையை விட்டு எடுபடாது. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் திண்டின் பக்கத்தில் உட்கார மாட்டாள். நூலில் லேசாக அழுக்குப் பட்டால்கூட வாங்க வருகிறவர் கூலியைக் குறைத்துவிடுவார். அப்படிக் குறைத்த ஒருநாள் அவள் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அடுப்படியில் போய் என் அம்மையிடம்தான் திட்டித் தீர்த்தாள். ஐம்பது வயதுக்குள் பார்வை மங்கிவிட்டது. அவள் உடுத்த துணி எதிலும் ஒரு விரற்கடை ரேந்தை இருந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் காலத்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரியம்மையின் விரல்கள்தான் நினைவுக்கு வருகின்றன. 1851ல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சிக்கு நாகர்கோவில் ரேந்தை போனது. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்த பிரகடனம் 1855ல்தான் வந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தலாம் என்ற அறிவிப்பு 1859 ஜூலையில். அதற்கு முந்தைய கலவரங்களில் சந்தையில் வைத்தே பெண்களின் மேல்சீலையைக் கிழித்தார்கள். யோசித்துப் பாருங்கள் தங்கச்சி. சொந்தத் தோளில் ஒரு துணி போட உரிமை இல்லாத சாதிகளின் பெண்கள், சீமாட்டிகளின் உடைக்கு ஓரம் பின்னி, அந்தக் காசில் அ, ஆ படித்திருக்கிறார்கள். இதற்கு ஈடாக நம் ஊர்ச் சரித்திரத்தில் வேறு எதைச் சொல்வீர்கள்? இதைச் சொல்லாத சிலையால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

மயிலாடிச் சிற்பிகளிடம் கொடுத்தால் அம்மையாரை நிற்க வைத்து, கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து அருமையாகச் செதுக்கித் தருவார்கள். நீங்கள் கேட்கவேண்டியது வேறு. பக்கத்தில் தரையில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கட்டும், மடிக்கு முன்னால் திண்டு இருக்கட்டும். செலவு கூடும் என்று கமிட்டியில் யாராவது சொல்வார்கள். அம்மையாரின் உயரத்தைக் குறையுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பீடத்தில் எழுதும்போது, இந்தப் பள்ளி ரேந்தைக் காசில் நடந்தது என்று தமிழில், தூரத்திலிருந்து வாசிக்கிற அளவு எழுத்தில் வெட்டச் சொல்லுங்கள். திறப்பு விழாவுக்கு வருகிறவர்களின் பெயருக்காக அந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

அப்புறம், உங்கள் ஊரில் ரேந்தை பின்னிய பாட்டிமார் இன்னும் சிலர் இருப்பார்கள். கமிட்டி அடுத்த முறை கூடும்போது அவர்களில் ஒருவரை ஆட்டோ வைத்துக் கூட்டி வாருங்கள். திண்டை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று சிற்பிக்கு அவர் சொல்லட்டும்.