பூச்சு வேலைக்கு முன்னால்: வீட்டு வயரிங் கேள்வி-பதில்

வீடு கட்டுபவர்களிடமிருந்தும் வாங்கியவர்களிடமிருந்தும் மின்சாரம் பற்றி வந்த கடிதங்கள் இந்த முறை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் என் மாமா இருக்கிறார். அவர் வீட்டு இணைப்பிலிருந்தே ஒயர் இழுத்து எங்கள் புது மனையில் கட்டட வேலை செய்யலாமா? பில்லை நாங்கள் கட்டிவிடுவோம். — திருவண்ணாமலை வாசகர்

கூடாது. ஒரு இடத்துக்குக் கொடுத்த மின்சாரத்தை இன்னொரு இடத்தில் பயன்படுத்தினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவு பாயும். உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிலிருந்து இழுத்தீர்கள் என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்கும் சேர்த்துப் போடலாம். அந்த நோட்டீஸ் உங்கள் மாமா பெயருக்குத்தான் வரும். தற்காலிக இணைப்பு வாங்குங்கள்.

புது வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம். மெயின் போர்டில் உள்ள ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) வாரம் இரண்டு தடவை தானாக விழுந்து கரண்டைத் துண்டிக்கிறது. எலக்ட்ரீஷியன், "எம்.சி.பி. எல்லாம் இருக்குதுங்க, இது தொல்லைதான்" என்று சொல்லி அதைக் கழற்றி நேரடியாக இணைத்துவிட்டார். இப்போது பிரச்சினை இல்லை. இப்படியே விடலாமா? — ஓசூர் வாசகி

அம்மா, இன்றைக்கே அதைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். பிரச்சினை போகவில்லை. பிரச்சினை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆளை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டீர்கள்.

இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. அளவுக்கு மேல் லோடு ஏறினாலோ, ஷார்ட் ஆனாலோ விழும். 16 ஆம்பியர் எம்.சி.பி. 16 ஆம்பியர் வரை சும்மா இருக்கும். ஒரு மனிதரின் உயிரைப் பறிக்க 0.1 ஆம்பியரே போதும். ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டவர் உடல் வழியாக அவ்வளவு போனால் எம்.சி.பி.க்குத் தெரியவே தெரியாது. ஆர்.சி.சி.பி. காப்பாற்றுவது ஆளை. லைனில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் குறைந்தாலே, கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிகள் வீடுகளுக்கு இதைக் கட்டாயம் என்று சொல்வது இதற்காகத்தான்.

அது விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது. கீசர் காயிலா, தண்ணீர் மோட்டாரா, மழை நனையும் கேட் விளக்கா என்று தேட வேண்டும். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எம்.சி.பி.யை மட்டும் இறக்கிப் பார்த்தால் போதாது. அது லைனைத்தான் துண்டிக்கும், நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அப்போதும் விழும். எல்லாவற்றையும் பிடுங்கியும் விழுந்தால், உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? பல வீடுகளில் நான் பார்த்த காரணம் அதுதான். வயரிங்காரர் எல்லா நியூட்ரலையும் ஒரே கொத்தாக முறுக்கிவிடுவார். இன்வெர்ட்டர் லைனில் போனது ஆர்.சி.சி.பி.யின் நியூட்ரலில் திரும்பி வரும், கணக்கு இடிக்கும், விழும். நியூட்ரலைப் பிரித்துக் கட்டினால் தீர்ந்தது. அரை நாள் வேலை. அந்த அரை நாளுக்குச் சோம்பல்பட்டுத்தான் உங்கள் குழந்தைகளுக்கு இருந்த காப்பைக் கழற்றியிருக்கிறார்.

திரும்ப மாட்டும்போது அதன் முகப்பில் 30 என்று அச்சிட்டிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். விழாமல் இருக்கட்டும் என்று 100, 300 மில்லி ஆம்பியர் உள்ளதை மாட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மாதம் ஒருமுறை 'டி' பொத்தானை அழுத்துங்கள், விழ வேண்டும். வரவேற்பறை ஃபால்ஸ் சீலிங்குக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறவர்கள், இரண்டு மூன்றாயிரம் ரூபாய்ப் பொருளில் வந்து பேரம் பேசுவதைப் பார்க்கும்போது மனசு கொதிக்கிறது.

கரண்ட் பில்லைப் பாதியாகக் குறைக்கும் என்று பிளக்கில் மாட்டும் சிறு பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா? — சேலம் வாசகர்

வேண்டாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு கெபாசிட்டரும் ஒரு சின்ன விளக்கும். வீட்டு மீட்டர் கணக்கிடும் யூனிட்டை அது குறைக்காது.

ஒயர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? கான்ட்ராக்டர் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். — மதுரை வாசகர்

நீங்களே வாங்குங்கள், உங்கள் பெயரில் பில் போட்டு. நான் மாடி கட்டியபோது தெரிந்த கடையென்று நம்பி, சொன்னதை வாங்கி வந்தேன். காயிலில் 90 மீட்டர் என்று அச்சு. இழுத்தபோது நீளம் போதவில்லை. அதை அப்போதே பிடித்திருக்க வேண்டும். இன்னொரு காயில் வாங்கி வேலையை முடித்தேன். இரண்டாவது கோடையில் ஏ.சி. பிளக் கருகி வாடை வந்தது. பிரித்துப் பார்த்தால் 4 சதுர மி.மீ. என்று எழுதிய ஒயரின் உள்ளே செம்பு அதற்குத் தகுந்த பருமனில் இல்லை. பூசி, பெயின்ட் அடித்த சுவரை வெட்டினேன். மிச்சம் பிடித்த காசைப் போல் பல மடங்கு போனது.

ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 694 என்ற எண்ணும், சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கடையிலேயே நின்று 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போடுங்கள். எந்த நிறுவனத்தின் உரிமம், இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். விளக்கு, ஃபேனுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி., கீசருக்கு 4 சதுர மி.மீ. என்பது வழக்கம். பச்சை ஒயர் எர்த்துக்கு மட்டும். குழாயில் ஒயர் இழுத்து முடித்ததும், பூசும் முன்பு, ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

வீட்டு வயரிங்கை எங்கள் ஊர்ப் பையன் செய்தான். லைசென்ஸ் இல்லை. இப்போது இணைப்புக்கு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் சோதனை அறிக்கை கேட்கிறார்கள். ஒருவர் பணம் கொடுத்தால் பார்க்காமலே கையெழுத்துப் போடுவதாகச் சொல்கிறார். எவ்வளவு கொடுப்பது நியாயம்? — நாகர்கோவில் வாசகர்

இதில் நியாயம் என்ற சொல்லை எப்படி எழுதினீர்கள்? ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வயரிங் வேலையை மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் உள்ளவர்தான் செய்ய வேண்டும் என்பது வீடு தொடங்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இப்போது உரிமம் உள்ள ஒருவரை வரவழைத்து, போர்டுகளைத் திறந்து, மெகர் என்ற கருவியை வைத்து இன்சுலேஷனை, அதாவது ஒயரின் மேலுறை கசியாமல் தாங்குகிறதா என்பதை, அளக்கச் சொல்லுங்கள். 500 வோல்ட் சோதனையில் 1 மெக் ஓமுக்குக் கீழே காட்டினால் அந்தப் பகுதியைச் சரிசெய்தாக வேண்டும். எர்த்தையும் அளக்கச் சொல்லுங்கள். அந்த வேலைக்கு அவர் கேட்கும் கூலியைக் கொடுங்கள்.

இரண்டு வீடுகள் கொண்ட 1,800 சதுர அடிக் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும். நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் மின் இணைப்பு கிடைக்குமா? — திண்டுக்கல் வாசகர்

கிடைக்கும். உங்களுடையதைப் போன்ற சிறிய குடியிருப்புக்கு அந்தச் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. கட்டட அனுமதி வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை.

ஓய்வூதியப் பணத்தில் மனை வாங்கினோம். ஓரத்தில் 11 கே.வி. லைன் போகிறது. "பத்திரம் முடிஞ்சதும் ஈ.பி.காரங்க இலவசமா மாத்திடுவாங்க" என்றார் தரகர். இப்போது செலவை நாங்கள்தான் கட்ட வேண்டுமாம். — கும்பகோணம் வாசகி

ரொம்ப வருத்தமாக இருக்கிறது, அம்மா. லைனை மாற்றக் கேட்பவர்தான் செலவைக் கட்ட வேண்டும். இலவசம் என்பது பொய். ஆனால் மாற்றாமலே கட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள். 11 கே.வி. லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும். பால்கனி, சன்ஷேடு, மாடிக் கைப்பிடிச் சுவர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். மின்வாரியப் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கொடுத்து இடத்தை அளக்கச் சொல்லுங்கள். வீட்டை இரண்டு மூன்றடி உள்ளே தள்ளினால் போதுமென்றால் வரைபடத்தை மாற்றுவது மலிவு. வேலை நடக்கும்போது கம்பியை மாடிக்குத் தூக்குபவர்கள் அந்தப் பக்கம் போகவே கூடாது.

விற்றவர் மனைப்பிரிவு போட்ட நிறுவனமாக இருந்து, லைனை மாற்றித் தருவதாக வாட்ஸ்அப்பிலாவது எழுதியிருந்தால், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தனி ஆளிடம் வெறும் மனை வாங்கியிருந்தால் அங்கே எடுபடாது, வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஆறு வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் 46 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்கி 14 மாதம். சுவிட்ச் போர்டு எரிந்தது. ஒயரைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக அலுமினியம்! ஒப்பந்தத்தில் செம்பு ஒயர் என்று இருக்கிறது. பில்டர் போனை எடுப்பதில்லை. — ஆவடி வாசகர்

நீங்கள் கவனமாக ஒப்பந்தம் போட்டும் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். முதலில் ஏ.சி., கீசர் லைன்களை இறக்கிவிடுங்கள். ஒயரை மாற்றும் முன், உரிமம் பெற்ற மின் பொறியாளரை வைத்து எழுத்து அறிக்கை வாங்குங்கள். போட்டோ எடுங்கள், ஒயர்த் துண்டுகளை உறையிலிட்டு மூடி வையுங்கள். பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். உங்கள் கட்டடம் ரெராவில் (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவானது என்றால் அங்கே போகலாம், ஐந்து ஆண்டு வரை குறையைச் சரிசெய்யும் பொறுப்பு பில்டருக்கு. பதிவாகவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் முடியும். இரண்டு ஆண்டுக் கெடு உண்டு. மற்ற ஐந்து வீட்டுக்காரர்களையும் ஒரு போர்டு திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆறு பேரும் சேர்ந்து போனால் பில்டர் போனை எடுப்பார்.

அடுத்த வாரம் கிரகப்பிரவேசம். நிரந்தர இணைப்பு வரவில்லை. தற்காலிக இணைப்பிலேயே குடியேறிவிடலாமா? — கரூர் வாசகர்

பால் காய்ச்சுங்கள், விருந்து போடுங்கள். குடியேற வேண்டாம். தற்காலிக இணைப்பின் கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிட மிக அதிகம், 100 யூனிட் இலவசமும் அதில் கிடையாது. விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று நாளைக் காலையே நேரில் போய்க் கேளுங்கள்.