பிரேக் பேடை நானே மாற்றினால் எவ்வளவு மிச்சமாகும்?

கேள்வி: திருச்சியில் தனியார் வேலை, மாதம் கைக்கு வருவது 45,000. 2018 ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன், 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முன் பிரேக்கில் கீச்சென்று சத்தம் வந்ததால் சர்வீஸ் சென்டரில் காட்டினேன். பேட் தேய்ந்துவிட்டது என்று 9,400 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள் (இணைத்திருக்கிறேன்). இதற்கு முன் ஒரே ஒருமுறை, 31,000 கி.மீ.யில் பேட் மாற்றியது. ஆன்லைனில் பேட் 1,400க்குக் கிடைக்கிறது. ஜாக், ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச் (போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்கும் கருவி) எல்லாம் வாங்க 6,000 ஆகும். வீடியோ பார்த்து நானே மாற்றினால் மிச்சமாகுமா? இல்லை, கிரெடிட் கார்டில் ஈஎம்ஐ போட்டு அங்கேயே முடித்துவிடட்டுமா? சேமிப்புக் கணக்கில் 20,000 இருக்கிறது, தொட மனசில்லை.

பதில்: யார் மாற்றுவது என்பதைவிட எப்போது மாற்றுவது என்பதில்தான் பணம் அதிகம் இருக்கிறது, அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பேட் தேய்ந்து கடைசிக்கு வந்ததும், சக்கரத்தோடு சுழலும் டிஸ்கில் உரசிச் சத்தம் போடவென்றே பல பேடுகளில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள், உங்களுக்குக் கேட்கும் கீச் அதுவாக இருக்கலாம். இந்தக் கட்டத்தில் செலவு பேடோடு போகும். கறகறவென்று அரைக்க ஆரம்பித்துவிட்டால் பேடின் இரும்புத் தகடே டிஸ்கைச் சுரண்டுகிறது என்று அர்த்தம். என் பழைய வேகன்ஆரில் இந்தச் சத்தத்தோடு அடுத்த மாசம் பார்த்துக்கலாம், அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்று இரண்டு மாதம் ஓட்டினேன், இரண்டு டிஸ்கையும் சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று. இன்சூரன்ஸும் கைகொடுக்காது, பம்பர் டு பம்பர் பாலிசியாக (பாகங்களின் மதிப்புக் குறைவைக் கழிக்காத பாலிசி) இருந்தாலும் ஓடித் தேய்ந்த பாகத்துக்குப் பணம் வராது. ஆகவே இந்த வாரமே முடியுங்கள்.

அப்புறம் அந்த எஸ்டிமேட். முன் பேட் 2,900, மாட்டக் கூலி 1,100, பின் டிரம் கிளீனிங் 700, பிரேக் ஆயில் மாற்ற 1,000. பிரேக் வேலை இவ்வளவுதான், 5,700 ரூபாய். மீதி 3,700, அதாவது இன்ஜின் டீகார்பனைசிங் (கரி நீக்குவது) 1,900, த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குக் காற்று போகும் பாகம்) கிளீனிங் 950, ஏசி கிருமிநீக்கம் 850, இவை எதுவும் நீங்கள் போன காரியத்துக்குச் சம்பந்தமில்லை. வண்டி இழுக்கவில்லை, ஐடிலிங்கில் உதறுகிறது, ஏசியில் நாற்றம் வருகிறது என்று நீங்கள் புகார் எதுவும் சொல்லவில்லையே! இந்த மூன்றும் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள், உங்களைக் கேட்காமல் வேலை செய்யக்கூடாது என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரு ஸ்பேனரைத் தொடாமலே 3,700 மிச்சம். பிரேக் ஆயிலை மட்டும் வெட்டாதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது.

இப்போது உங்கள் கணக்கு. நீங்களே மாட்டினால் மிச்சமாவது கூலி 1,100 மட்டும். 1,400க்கும் 2,900க்கும் உள்ள வித்தியாசம் வேறு வேறு பேடின் விலை வித்தியாசம், உங்கள் உழைப்பால் வருவதில்லை. வருஷத்துக்கு 9,000 கி.மீ. சுமார் ஓட்டுகிறீர்கள், ஒரு செட் மூன்றரை வருஷம் வருகிறது. 15 வருஷ ஆர்சி 2033இல் முடியும்வரை பார்த்தால் இந்தத் தடவையோடு சேர்த்து மூன்று முறை மாற்றுவீர்கள். மொத்த மிச்சம் 3,300, அதற்கு 6,000 ரூபாய்க்கு டூல். டயர் ரொட்டேஷன், ஆயில் மாற்றுவது என்று மற்ற வேலைகளையும் செய்யப் போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். பேடுக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, நான் அதைத்தான் செய்வேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மாருதி ஜெனியூன் பேடையோ, பாஷ் மாதிரி தெரிந்த கம்பெனி பேடையோ பில்லோடு வாங்கி, நம்பிக்கையான மெக்கானிக்கிடம் கொடுத்துக் கண்முன்னே மாட்டச் சொல்லுங்கள், கூலி குறையும். பெட்டியில் உள்ள எம்ஆர்பியைப் பாருங்கள், அதற்கு மேல் விற்கக்கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பழைய ஸ்டாக் என்றால் குறைந்த விலையைக் கேட்டு வாங்குங்கள். பெயர் தெரியாத 1,400 ரூபாய் பேடைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், பிரேக்கில் போலி மாட்டி மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இல்லை சார், கற்றுக்கொள்ளவும் ஆசை என்றால் தடுக்க மாட்டேன், ஆனால் முதல் தடவை விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். வண்டியோடு வரும் ஜாக் டயர் மாற்ற மட்டும்தான், தூக்கியதும் ஸ்டாண்டு கட்டாயம், பின் சக்கரத்துக்குக் கட்டையும் கொடுங்கள். ஒரு பக்கம் முடித்த பிறகு அடுத்த பக்கம் கழற்றுங்கள், மாட்டும்போது குழம்பினால் கழற்றாத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். காலிப்பரை (பேடைப் பிடித்து டிஸ்கில் அழுத்தும் பாகம்) பிரேக் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். அதிலுள்ள பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் ஏறும், வழிந்து பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் போய்விடும். தூசியை வாயால் ஊதவே கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை பல முறை மிதிக்க வேண்டும். இதை மறந்தால் முதல் மிதிக்குப் பிரேக் இருக்காது. அப்புறம் முதல் 200, 300 கி.மீ. வரை அவசரப் பிரேக் போடும்படி ஓட்டாதீர்கள்.

ஈஎம்ஐ வேண்டாம். கார்டு ஈஎம்ஐயில் வட்டி, பிராசஸிங் கட்டணம், அந்த இரண்டுக்கும் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சேமிப்பில் 20,000 வைத்துக்கொண்டு ஐந்தாயிரத்துச் சொச்சத்துக்குக் கடன் வாங்குவதில் அர்த்தமே இல்லை. அந்தப் பணம் இதற்குத்தான், எடுத்துச் செலவு செய்யுங்கள்.

எடுத்ததைத் திரும்ப நிரப்ப, வண்டியின் கடைசி மூன்று வருஷ பில்களைத் தேடி எடுங்கள். சர்வீஸ், இன்சூரன்ஸ், டயர், பேட்டரி எல்லாவற்றையும் கூட்டி 36ஆல் வகுத்தால் ஒரு தொகை வரும். சம்பளம் வந்த மறுநாளே அது வேறொரு கணக்குக்குத் தானாகப் போகிறமாதிரி செய்யுங்கள், ஆர்டியாக இருந்தாலும் சரி. பெட்ரோலை இதில் சேர்க்க வேண்டாம், அது மாதாமாதம் எப்படியும் போகிறது.

மாற்றிய பிறகு பழைய பேடைக் கேட்டு வாங்கி எத்தனை மி.மீ. மிச்சமிருந்தது என்று பாருங்கள், 3 மி.மீ.க்குக் கீழே என்றால் சரியான நேரத்தில்தான் மாற்றியிருக்கிறீர்கள். அன்றைய கி.மீ.யைக் குறித்துவைத்துவிட்டு, 85,000 தொட்டதும் சத்தம் வராவிட்டாலும் ஒருதரம் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.