வாசகர் கேள்வி பதில்: பக்கத்து நாட்டின் மீது போடும் வரி

அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இறக்குமதி வரியையும் அதனால் நாடுகளுக்கிடையே எழும் பிணக்குகளையும் பற்றியவை. அவற்றுள், ஒரே எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகளின் வணிகச் சண்டைகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்காக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: வரி போடும் நாட்டுக்கு வருமானம், வரிக்கு உள்ளாகும் நாட்டுக்கு நட்டம். அது தொலைதூர நாடானால் என்ன, பக்கத்து நாடானால் என்ன? கணக்கு ஒன்றுதானே? (ஒரு வாசகர், ஈரோடு)

முதலில் ஒரு திருத்தம். இறக்குமதி வரியைச் சுங்கச் சாவடியில் கட்டுபவர் வெளிநாட்டு வணிகர் அல்லர். சரக்கை வரவழைக்கும் உள்நாட்டு இறக்குமதியாளர்தான் கட்டுகிறார். அவர் அதைத் தம் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம், வாங்குபவர் தலையில் ஏற்றலாம், அல்லது விற்பவரை நெருக்கி விலையைக் குறைக்க வைக்கலாம். மூன்றில் எது நடக்கும் என்பது, யாருக்கு வேறு வழி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பக்கத்து நாடு வேறுபடுவது இந்த இடத்தில்தான். எல்லையைத் தாண்டி லாரியில் போகும் சரக்குகளில் பல, கனமானவை, விலை குறைந்தவை, அல்லது சீக்கிரம் கெட்டுப்போகக்கூடியவை. காய்கறி, கால்நடை, சிமெண்டு, ஜிப்சம் போன்றவற்றை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோனால் கூலியே விலையை விழுங்கிவிடும். தொலைவிலிருந்து கப்பலில் அனுப்புபவர் அடுத்த துறைமுகத்தைப் பார்த்துக்கொள்வார்; எல்லையில் நிற்கும் லாரிக்கு அந்த வசதி இல்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட்டுக்கும் கனடாவின் வின்ட்சருக்கும் நடுவே ஓர் ஆறுதான் ஓடுகிறது. 1965ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஒப்பந்தத்துக்குப் பிறகு இரு கரைகளிலும் உள்ள ஆலைகள் ஒரே தொழிற்சாலையின் இரு பகுதிகளைப் போல வளர்ந்துவிட்டன. ஒரு காரின் உதிரிப் பாகம் முழு வண்டியாக மாறுவதற்குள் பல முறை எல்லையைக் கடக்கிறது. அந்த எல்லையில் வரி போட்டால், தன் வீட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே தானே சுங்கச் சாவடி வைத்ததாகிவிடும்.

கேள்வி: வணிகப் பிணக்கு பெரும் பகையாக முற்றியதற்கு வரலாற்றில் சான்று உண்டா? (ஓர் ஆசிரியை, மதுரை)

உண்டு. 1906இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கும் செர்பியாவுக்கும் இடையே மூண்ட சுங்கச் சண்டையை நம் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன; அதற்கு இன்னும் சற்று இடம் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். வரலாற்றாசிரியர்கள் அதைப் ‘பன்றிப் போர்’ என்று அழைக்கிறார்கள். பெயரைக் கேட்டு அதைச் சிறிய விஷயமாக எண்ணிவிடக் கூடாது. பன்றிதான் அன்றைய செர்பிய உழவரின் சேமிப்பு; மகள் திருமணமும் நிலவரியும் அதை விற்ற காசில்தான் நடந்தன.

செர்பியா அப்போது கடற்கரை இல்லாத சிறிய நாடு. அதன் ஏற்றுமதியில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட பங்கு வடக்கே இருந்த பேரரசுக்குத்தான் போயிற்று. 1903 வரை ஆண்ட ஒப்ரெனோவிச் வம்சம் பெரும்பாலும் பேரரசின் தலைநகரான வியன்னாவின் சொல்லுக்கு இணங்கியே நடந்தது. அந்த ஆண்டு அரசர் அலெக்சாண்டர் படை அதிகாரிகளால் கொல்லப்பட, போட்டி வம்சத்தைச் சேர்ந்த முதலாம் பீட்டர் அரியணை ஏறினார். அரசின் போக்கும் மாறியது. 1905இல் செர்பியா மற்றோர் அண்டை நாடான பல்கேரியாவுடன் சுங்க ஒன்றியம் அமைக்க உடன்படிக்கை செய்துகொண்டது. பீரங்கிகளை ஆஸ்திரியாவின் ஸ்கோடா ஆலையிடம் வாங்காமல் பிரான்சிடம் வாங்கவும் முனைந்தது. இவ்விரண்டையும் தன் பிடியிலிருந்து நழுவும் முயற்சி என்று கண்ட வியன்னா, 1906இல் செர்பியக் கால்நடைகளுக்கு எல்லையை அடைத்தது. மலிவான செர்பிய இறைச்சியின் போட்டி ஒழிய வேண்டும் என்று ஹங்கேரியப் பெருநிலக்கிழார்கள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அரசியல் சினமும் அவர்களுடைய ஆதாயமும் ஒரே கதவைச் சாத்தின.

சில மாதங்களில் செர்பியா பணிந்துவிடும் என்பது வியன்னாவின் கணிப்பு. செர்பியா பணியவில்லை. அன்று ஒட்டோமான் ஆட்சியில் இருந்த சலோனிகா துறைமுகத்துக்கு ரயிலில் சரக்கை அனுப்பியது. உயிருள்ள பன்றியை அவ்வளவு தொலைவு கொண்டுசெல்வது கடினம் என்பதால் உள்நாட்டிலேயே இறைச்சியைப் பதப்படுத்தும் ஆலைகள் எழுந்தன. பிரான்சின் கடனுதவி வந்தது. ஜெர்மனி சரக்கை வாங்கியது. எகிப்து வரைக்கும் புதிய சந்தைகள் கிடைத்தன. சண்டை ஓய்ந்து 1910இல் புதிய உடன்பாடு ஏற்பட்டபோது, செர்பிய வணிகத்தில் பேரரசின் பங்கு மூன்றில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கியிருந்தது. வரியால் அண்டை நாட்டைக் கட்டிவைக்க நினைத்த பேரரசு, அந்த நாட்டைக் கட்டியிருந்த கயிற்றைத் தன் கையாலேயே அறுத்துவிட்டது.

1914ஆம் ஆண்டின் உலகப் போருக்குப் பன்றிப் போர்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். 1908இல் போஸ்னியாவைப் பேரரசு தன்னோடு இணைத்துக்கொண்டது அதைவிடப் பெரிய காயம். ஆனால் அந்தக் காயம் விழுந்தபோது, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க இரு தரப்பையும் தூண்டியிருக்கக்கூடிய வணிக உறவு முன்பே தேய்ந்துபோயிருந்தது. எல்லைக்கு வடக்கே தன் பன்றியை விற்றுவந்த உழவர், வடக்கிலிருந்து தீமை மட்டுமே வரும் என்று நம்பப் பழகியிருந்தார். வரிச் சண்டையின் விளைவுகளில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான்.

கேள்வி: அமெரிக்காவும் கனடாவும் உடன்பிறப்புகளைப் போன்ற நாடுகள் என்பார்கள். 2025இல் கனடிய மக்கள் அவ்வளவு கொதித்தது ஏன்? (ஒரு கல்லூரி மாணவர், திருச்சி)

வரியின் அளவைக் காட்டிலும் அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் அவர்களைச் சுட்டது. 2018இலும் இதுவே நிகழ்ந்தது. அந்த ஆண்டு ஜூன் 1 முதல் கனடிய எஃகுக்கு 25 விழுக்காடும் அலுமினியத்துக்கு 10 விழுக்காடும் வரி விதித்த அமெரிக்கா, தேசப் பாதுகாப்புக்கான சட்டத்தை அதற்கு ஆதாரமாகக் காட்டியது. ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையோடு சேர்ந்து போரிட்டு உயிர் கொடுத்த வீரர்களின் நாட்டைப் பார்த்து, ‘உன் எஃகு எங்கள் பாதுகாப்புக்கு ஆபத்து’ என்று சொன்னதாகவே கனடியர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 2019 மே மாதத்தில் அந்த வரி நீங்கியது. மனக்குறை முழுதும் நீங்கவில்லை.

2025 மார்ச் 4 அன்று நடைமுறைக்கு வந்த 25 விழுக்காட்டு வரிக்கு, ஃபென்டனில் என்னும் போதைப்பொருள் கடத்தல் காரணமாகச் சொல்லப்பட்டது. 2024 நிதியாண்டில் அமெரிக்காவின் வடக்கு எல்லையில் பிடிபட்ட அந்தப் பொருளின் எடை 20 கிலோவுக்கும் குறைவு. தெற்கு எல்லையில் பிடிபட்டதோ பல ஆயிரம் கிலோ. இதற்கிடையில், கனடா அமெரிக்காவின் 51ஆவது மாநிலமாகிவிடலாம் என்று அதிபர் டிரம்ப் மீண்டும் மீண்டும் பேசினார். இரண்டு நாள்களில், அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளின் வணிக ஒப்பந்த விதிகளுக்கு உட்பட்ட சரக்குகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது; அதனால் பணக் கணக்கில் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் சொன்ன சொல்லுக்கு விலக்கு அளிக்க யாராலும் முடியாது. மாகாண அரசுகளின் மதுக் கடைகளிலிருந்து அமெரிக்க மது அகற்றப்பட்டது. விளையாட்டரங்குகளில் அமெரிக்க நாட்டுப்பண் ஒலித்தபோது கூட்டம் எதிர்ப்புக் குரல் எழுப்பியது. எல்லை தாண்டிக் காரில் சுற்றுலா போகும் வழக்கம் சட்டென்று சரிந்தது. மார்ச் மாத இறுதியில் பிரதமர் மார்க் கார்னி, அமெரிக்காவோடு இருந்த பழைய உறவு முடிந்துவிட்டது என்று வெளிப்படையாகவே அறிவித்தார்.

இங்கே ஒரு சிறிய செய்தியைச் சொல்லத் தோன்றுகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்து ஸ்டான்ஸ்டெட், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து டெர்பி லைன் என்ற இரண்டு ஊர்களுக்கும் பொதுவாக, எல்லைக் கோட்டின் மேலேயே கட்டப்பட்ட ஹாஸ்கல் நூலகம் 1904 முதல் நிற்கிறது. வாசல் அமெரிக்க மண்ணில் இருந்தாலும், கனடியர்கள் நடைபாதை வழியாக எந்தச் சோதனையும் இன்றி வந்து புத்தகம் எடுத்துச் செல்வது நூற்றாண்டுப் பழக்கம். அந்தப் பழக்கத்தையும் 2025இல் அமெரிக்க அரசு கட்டுப்படுத்தியது. அதற்கும் இறக்குமதி வரிக்கும் சட்டத்தில் தொடர்பில்லை. உறவு கெடும்போது ஒரு கதவோடு நிற்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கேள்வி: பதிலுக்கு வரி போடாமல் வாய்மூடி இருந்தால் அது கோழைத்தனம் ஆகாதா? (ஒரு வாசகர், நாமக்கல்)

முட்டைக்குப் பெயர்பெற்ற ஊரிலிருந்து கேட்டிருப்பதால் முட்டையையே எடுத்துக்கொள்வோம். 1930 ஜூனில் கையெழுத்தான ஸ்மூட்-ஹாலி சட்டம், ஒரு டஜன் முட்டைக்கான அமெரிக்க இறக்குமதி வரியை 8 சென்டிலிருந்து 10 சென்டாக உயர்த்தியது. கனடா தன் வரியை 3 சென்டிலிருந்து அதே 10 சென்டுக்கு உயர்த்தியது. உண்மையில் கனடாவுக்கு அமெரிக்கா அனுப்பிய முட்டைதான் அதிகம். சில ஆண்டுகளில் அந்த ஏற்றுமதி ஏறத்தாழ அற்றே போயிற்று. பதிலடி வலித்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அந்த வரிகளைக் குறைக்கும் உடன்பாடு எட்ட 1935 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் இரு பக்கத்துப் பண்ணையாளர்களும்தான் நொடிந்தார்கள். பதிலடி கொடுப்பதை நான் கோழைத்தனத்துக்கு எதிர்ச்சொல்லாகக் கருதவில்லை. எந்தப் பொருளின் மீது, எந்தக் கெடு வரை, எது நடந்தால் நீக்குவோம் என்பதைச் சொல்லாமல் போடப்படும் பதிலடி வெறும் கோபம்.

கேள்வி: 2019இல் பாகிஸ்தான் பொருள்களுக்கு இந்தியா 200 விழுக்காடு வரி விதித்தது. அது பயன் தந்ததா? (ஓய்வு பெற்ற படைவீரர் ஒருவர், வேலூர்)

புல்வாமாவில் பிப்ரவரி 14 அன்று நாற்பது காவல் படையினர் கொல்லப்பட்ட துயரத்தின் நடுவே எடுக்கப்பட்ட முடிவு அது. 1996இல் பாகிஸ்தானுக்கு அளித்திருந்த ‘மிகவும் வேண்டப்பட்ட நாடு’ என்ற நிலையை (மற்ற நாடுகளுக்கு விதிப்பதைவிடக் கூடுதல் வரி விதிப்பதில்லை என்ற உறுதியை) இந்தியா மறுநாளே விலக்கிக்கொண்டது. அதற்கு அடுத்த நாள் 200 விழுக்காடு வரி வந்தது. அந்த நிலையைப் பாகிஸ்தான் நமக்கு ஒருபோதும் அளித்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு நாடு தன் சினத்தைத் துப்பாக்கியின்றி வெளிப்படுத்த வணிகத்தைக் கையாள்வதை நான் குறை கூறவில்லை. இழந்தவர்களின் குடும்பங்களுக்கு முன்னால் சிமெண்டு விலையைப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் பயன் என்று கேட்கிறீர்கள். பாகிஸ்தானிலிருந்து வரும் இறக்குமதி ஏறத்தாழ மறைந்தது. அது நம் மொத்த இறக்குமதியிலும் அவர்களுடைய மொத்த ஏற்றுமதியிலும் மிகச் சிறிய பங்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் காஷ்மீர் தொடர்பான முடிவை எதிர்த்துப் பாகிஸ்தான் இருதரப்பு வணிகத்தையே நிறுத்தியது. பயங்கரவாதம் நிற்கவில்லை என்பதை 2025 ஏப்ரலில் பஹல்காம் காட்டியது. அமிர்தசரசை அடுத்த அட்டாரி எல்லைச் சாவடியில், உலர் பேரீச்சையும் ஜிப்சமும் சிமெண்டும் இறக்கிப் பிழைத்த சுமைதூக்கிகளும் லாரிக்காரர்களும் சாலையோர உணவுக் கடைக்காரர்களும்தான் அந்த வரியை நாள்தோறும் உணர்ந்தவர்கள். நாட்டுக்காக அந்தச் சுமையை அவர்கள் தாங்க வேண்டும் என்றால், அவர்களுக்கு மாற்று வேலையும் இழப்பீடும் தருவது அந்த முடிவின் ஒரு பகுதியாகவே இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் கீழ்ப்பழனி மலையில் மிளகு பயிரிடுகிறோம். இலங்கை மிளகு வரியின்றி வந்து எங்கள் விலையைச் சாய்க்கிறது. அண்டை நாட்டு நட்புக்கு நாங்கள்தான் பலியா? (ஒரு விவசாயி, தாண்டிக்குடி)

ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. அது சரியான இடத்தில் விழ வேண்டும் என்பதற்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இந்திய-இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு வரியின்றி வரலாம். நம் தேவையோடு ஒப்பிட்டால் இது பெரிய அளவு அன்று. நம் விவசாயிகளை வதைத்தது, வியட்நாம் மிளகு இலங்கைச் சரக்கு என்ற சான்றோடு உள்ளே வருகிறது என்ற புகார்தான். அதையொட்டியே 2017 டிசம்பரில், கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதி செய்யக் கூடாது என்று இந்திய அரசு வரம்பு கட்டியது.

அந்த வரம்பு இலங்கையின் மாத்தளையிலும் கண்டியிலும் வீட்டுத் தோட்டத்தில் கொடி ஏற்றியிருக்கும் சிறு விவசாயியையும் சேர்த்தே தாக்கியது. அவருடைய மிளகு காரம் மிகுந்தது. சாறு பிரிக்கும் நம் ஆலைகளே அதைத் தேடி வாங்குபவை. வனஸ்பதி விஷயத்திலும் முன்பு இப்படித்தான் நடந்தது. பாமாயிலுக்கு இரு நாடுகளிலும் இருந்த வரி வேறுபாட்டைப் பயன்படுத்தி, இந்திய முதலாளிகள் இலங்கையில் ஆலை அமைத்து வனஸ்பதியை இங்கே அனுப்பினார்கள். இந்தியா அளவுக் கட்டுப்பாடு விதித்ததும் அந்த ஆலைகள் மூடப்பட்டன. ஒப்பந்தத்தில் ஓட்டை தேடியவர்கள் வேறு, வேலை இழந்தவர்கள் வேறு. இந்தியாவோடு இன்னும் விரிவான உடன்பாடு வேண்டாம் என்று இலங்கையில் சொல்பவர்கள் இத்தகைய அனுபவங்களைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஆகவே உங்கள் விவசாயிகள் சங்கம் நறுமணப் பொருள்கள் வாரியத்துக்கும் வணிக அமைச்சகத்துக்கும் மனு எழுதும்போது, ‘இலங்கை மிளகைத் தடை செய்க’ என்று கேட்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். எந்த மண்ணில் விளைந்தது என்ற சான்றை இறக்குமதித் துறைமுகத்திலேயே சரிபார்க்க வேண்டும். அந்தச் சான்றை வழங்கும் இலங்கை அலுவலகத்தோடு சேர்ந்து கண்காணிக்க ஏற்பாடு வேண்டும். பொய்ச் சான்றோடு வரும் சரக்கைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். மாத்தளை விவசாயிகளும் இதையே கேட்கக் காரணம் இருக்கிறது. வியட்நாம் மிளகு அவர்களுடைய பெயரில் விற்கப்பட்டால் அவர்களுக்கும் நட்டம்தான். முடிந்தால் அவர்களுடைய சங்கம் ஒன்றோடு சேர்ந்தே அந்த மனுவை எழுதுங்கள்.