ஏழு நாள் ஜூஸ், ஐந்து கிலோ குறைப்பு: பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது, எடை 74 கிலோ. அடுத்த மாதம் தங்கை கல்யாணம். இன்ஸ்டாகிராமில் ஒரு ‘டீடாக்ஸ் ஜூஸ்’ விளம்பரம் பார்த்தேன். தினம் ஆறு பாட்டில், ஒவ்வொன்றும் 300 மி.லி., ஏழு நாளும் வீட்டுக்கே வந்துவிடும். வேறு எதுவும் சாப்பிடக் கூடாது. ஐந்து கிலோ குறைவது உறுதி என்கிறார்கள். 6,500 ரூபாய், முழுவதும் முன்பணம். போன மாதம் இதையே வாங்கிய என் தோழிக்கு மூன்று கிலோ குறைந்தது. கட்டலாமா?
- ஈரோடு வாசகி

பதில்: கட்டாதீர்கள். உங்கள் தோழி சொன்னது பொய்யாக இருக்காது. எடை மெஷின் மூன்று கிலோ குறைத்துத்தான் காட்டியிருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர்.

கல்லீரலும் தசையும் மாவுச்சத்தை கிளைகோஜன் என்ற வடிவில் ஏறக்குறைய அரைக் கிலோ சேமித்து வைத்திருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சாப்பாடு குறைந்ததும் உடம்பு முதலில் கை வைப்பது இதில்தான். கூடவே, ஜூஸில் உப்பு இல்லாததால் உடம்பில் தேங்கிய நீரும் கொஞ்சம் இறங்கும், குடலில் இருக்கும் உணவின் எடையும் குறையும். திரும்ப சோறும் குழம்புமாகச் சாப்பிட ஆரம்பித்த சில நாளில் இதெல்லாம் வந்து சேர்ந்துவிடும். உங்கள் விஷயத்தில் கல்யாணப் பந்தியிலேயே வந்துவிடும்.

சரி, கொழுப்பு எவ்வளவு குறையும்? ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ஐந்து கிலோ என்றால் 38,500. உங்கள் வயதுக்கும் எடைக்கும், வீட்டு வேலை, ஆபீஸ் வேலை எல்லாம் சேர்த்தாலும் ஒரு நாளைக்கு 2,000 கலோரியை ஒட்டித்தான் செலவாகும். அப்படியானால் ஏழு நாளும் வெறும் தண்ணீர் மட்டும் குடித்துப் பட்டினி கிடந்தால்கூட இரண்டு கிலோ கொழுப்பு கரையாது. ஐந்து கிலோ உறுதி என்று சொல்பவர் இந்தக் கணக்கைப் போடாதவர், அல்லது நீங்கள் போடமாட்டீர்கள் என்று நம்புபவர்.

அவர்கள் தருவது ஆரஞ்சு ஜூஸ் என்றே வைத்துக்கொள்வோம். 1.8 லிட்டரில் சுமார் 800 கலோரி, 150 கிராம் சர்க்கரை, 12 கிராம் புரதம் இருக்கும். காய்கறிச் சாறு கலந்தால் சர்க்கரை குறையும், புரதம் பெரிதாக ஏறாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரைப்படி ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் என்று பார்த்தால் உங்களுக்குத் தினம் 61 கிராம் புரதம் வேண்டும். போதாத புரதத்துக்கு உடம்பு தசையைக் கரைக்கும். நாளுக்கு 1,200 கலோரி குறைவதால் அந்த ஒரு வாரத்தில் கரையும் ஒரு கிலோ சொச்சத்திலும் ஒரு பங்கு தசை என்பதுதான் எனக்கு வருத்தமான விஷயம். எடை திரும்பும்போது அவ்வளவும் தசையாகத் திரும்புவதில்லை.

சர்க்கரைக் கணக்கையும் பாருங்கள். பழத்தில் இருக்கும்போது ஒன்றும் சொல்லாத உலக சுகாதார நிறுவனம், அதே பழத்தைப் பிழிந்த சாற்றில் உள்ள சர்க்கரையை, டீயில் நாம் போடும் சர்க்கரையோடு சேர்த்துத்தான் எண்ணுகிறது. நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது அதன் அறிவுரை. வித்தியாசம் சக்கையில் இருக்கிறது. 1977ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில் சிலருக்கு ஆப்பிளை முழுதாகவும், மசித்தும், சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். முழு ஆப்பிளைவிட 11 மடங்கு வேகத்தில் சாறு உள்ளே போனது, வயிறு நிறைந்த உணர்வும் குறைவாகவே இருந்தது. நாம் காசு கொடுத்து வாங்கிய பழத்தில் பசியை அடக்கும் பகுதியை வடிகட்டியில் விட்டுவிடுகிறோம்.

நல்லது எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. நோய் எதுவும் இல்லாதவர் இரண்டு மூன்று நாள் இப்படி இருந்தால் பெரிய ஆபத்து இல்லை. பஜ்ஜி, பிஸ்கட், நான்கு வேளை டீ எல்லாம் ஒரே நாளில் நிற்கும். காய்கறி பக்கமே போகாதவர் வயிற்றில் கேரட்டும் நெல்லிக்காயும் போகும். என்ன சாப்பிடுவது என்று யோசிக்க வேண்டாம் என்பதும் சிலருக்குப் பெரிய நிம்மதி. நானும் மூன்று நாள் இருந்து பார்த்திருக்கிறேன். இரண்டாம் நாள் மாலை தலை வெடித்தது. ‘நச்சு வெளியேறும் அறிகுறி’ என்று விற்றவர் சொன்னார். காபியை நிறுத்தினாலும் பசித்தாலும் தலை வலிக்கும், அவ்வளவுதான். கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் வேலை செய்கின்றன, அதற்குத் தனியாக பாட்டில் தேவையில்லை.

ஒரு பாட்டிலுக்கு 155 ரூபாய் விழுகிறது. அந்தப் பணத்துக்கு சம்பத் நகர் உழவர் சந்தையில் எவ்வளவு காய், பழம், கீரை வரும் என்று உங்களுக்கே தெரியும். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது. மதியச் சோற்றில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் பொரியலும் சுண்டலும் வையுங்கள், டீயில் சர்க்கரையை விடுங்கள், தினம் முக்கால் மணி நேரம் வேகமாக நடங்கள். மாதத்தில் இரண்டு கிலோ குறைந்தால் அது தங்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் பூங்காவில் நடந்துவிட்டு வாசலில் விற்கும் சுரைக்காய், அருகம்புல் ஜூஸ் குடிப்பார். இப்போது எடை குறைக்க மூன்று வேளையும் ஜூஸ்தான் என்கிறார்.
- திருச்சி வாசகர்

பதில்: முதலில் அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டை நிறுத்தினால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழக்கூடும். பழ ஜூஸ் என்றால் நேர் எதிராக ஏறும். சிறுநீரகக் கோளாறும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இளநீரிலும் பழச்சாற்றிலும் பொட்டாசியம் அதிகம். பாலக்கீரை, பீட்ரூட் சாற்றில் ஆக்சலேட் என்ற வேதிப்பொருள் அதிகம், இவற்றை நிறையக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பச்சைக் கீரைச் சாற்றைத் திடீரென்று கூட்டக் கூடாது.

சுரைக்காய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2010ல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்த ஒரு விஞ்ஞானி உயிரிழந்தார். பிறகு ஐ.சி.எம்.ஆர். அமைத்த நிபுணர் குழு இதை ஆராய்ந்தது. கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டாசின் என்ற நச்சு. இதற்கு மாற்று மருந்து கிடையாது. அரைப்பதற்கு முன் சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிட வேண்டும். வண்டிக் கடையில் அதை யார் பார்த்தார்கள்? இஞ்சியும் எலுமிச்சையும் சேர்ந்தால் கசப்பு தெரியாமலே போய்விடும். உடம்புக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு கசப்பை விழுங்குவது நம் பழக்கம், சுரைக்காய் விஷயத்தில் அது உயிருக்கே ஆபத்து. குடித்த பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்பாவுக்குச் சுரைக்காய் பிடிக்கும் என்றால் வீட்டில் கூட்டு வைத்துக் கொடுங்கள்.

கேள்வி: ஏழு நாள் பேக்கேஜுக்குப் பணம் கட்டிவிட்டேன். இரண்டாம் நாள் பாட்டிலே நுரைத்து, புளித்த வாடையோடு வந்தது. பணத்தைக் கேட்டால் ‘நோ ரீஃபண்ட் பாலிசி’ என்கிறார்கள்.
- தாம்பரம் வாசகி

பதில்: அந்த வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது.

இன்றே செய்ய வேண்டியது: பாட்டில், லேபிள், நுரை எல்லாம் தெரியும்படி போட்டோ, வீடியோ எடுங்கள். விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், தகராறு என்று தெரிந்ததும் அதைத்தான் முதலில் அழிப்பார்கள். லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 14 இலக்க உரிம எண், தயாரித்த தேதி, எதுவரை குடிக்கலாம் என்ற தேதி இருக்கிறதா பாருங்கள். கோல்ட் பிரெஸ் என்று வருபவை பெரும்பாலும் சூடுபடுத்தாதவை. வழியில் குளிர் விட்டுப்போனால் கிருமி பெருகும். மீதி பாட்டில்களைக் குடிக்க வேண்டாம். அப்புறம் வாட்ஸ்அப்போடு நிறுத்தாமல் மின்னஞ்சலிலும் எழுத்தாகப் பணத்தைக் கேளுங்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல விற்பனையாளர்கள் அங்கிருந்து அழைப்பு வந்ததும் இறங்கி வருவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும்.

கேள்வி: டெட்ரா பேக்கில் ‘100% பழச்சாறு’ என்று போட்டிருப்பதை டயட்டுக்கு வாங்கலாமா?
- மதுரை வாசகர்

பதில்: அந்த ‘100%’ஐ நம்பி வாங்காதீர்கள். அடர்சாற்றில் தண்ணீர் சேர்த்துத் தயாரிப்பவற்றில் ‘100%’ என்று போடக் கூடாது என்று 2024 ஜூனில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவிட்டது. கிலோவுக்கு 15 கிராமுக்கு மேல் சர்க்கரை சேர்த்திருந்தால் இனிப்பூட்டிய சாறு என்று லேபிளில் சொல்ல வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் ‘ஃப்ரூட் டிரிங்க்’ வகையில் பத்து சதவீதம் பழம் இருந்தாலே விதிப்படி சரி. எதுவாக இருந்தாலும் எடை குறைக்க உதவாது.

கேள்வி: அப்படியென்றால் நாமே ஸ்லோ ஜூஸர் வாங்கிவிடலாமா?
- சேலம் வாசகி

பதில்: வீட்டில் மிக்ஸி இருந்தால் அவசரப்பட வேண்டாம். நெல்லிக்காயையும் வெள்ளரிக்காயையும் மிக்ஸியில் அடித்து வடிகட்டாமல் குடித்தால் நார்ச்சத்தும் உள்ளே போகும், ஸ்லோ ஜூஸர் அதைப் பிரித்து வெளியே தள்ளிவிடும். வாங்கியே தீர வேண்டும் என்றால், கடையில் ஒரு கேரட்டைப் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டு, மெஷினைக் கழற்றிக் கழுவித் திரும்ப மாட்டியும் காட்டச் சொல்லுங்கள். சாற்றை வடிக்கும் வலையைத் தேய்க்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.