பைத்தானில் தேதிகள்: நீங்கள் கேட்டவை

தேதி பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன். பைத்தானோடு சேர்த்து எக்செலும் ஜாவாவும் வந்துவிட்டன. வந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, டேட்டாபேஸிலிருந்து 2024-03-15 என்று ஸ்ட்ரிங்காக வருகிறது. எனக்கு 15/03/2024 வேண்டும். ஸ்பிளிட் செய்து, திருப்பிப் போட்டு, ஜாயின் செய்கிறேன். இது தப்பா?

ஒரு தடவை ஓட்டித் தூக்கிப்போடுகிற ஸ்கிரிப்ட் என்றால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அந்த வரிக்கு 2024-02-31 கொடுத்துப் பாருங்கள், மறுபேச்சில்லாமல் 31/02/2024 என்று தரும். ஸ்டர்பிடைம் (ஸ்ட்ரிங்கைத் தேதியாகப் படிக்கும் பைத்தான் ஃபங்ஷன்) வழியாகப் போனால் வேல்யூ எரர் விழும், உங்களுக்கு வேண்டியது அதுதான். தேதி உள்ளே வரும் இடத்தில் ஸ்டர்பிடைம், வெளியே காட்டும் இடத்தில் தேதியை ஸ்ட்ரிங்காக்கும் ஸ்டர்எஃப்டைம். நடுவில் கழிப்பது, கூட்டுவது, ஒப்பிடுவது எல்லாம் தேதி ஆப்ஜெக்ட்டாகவே நடக்கட்டும்.

கேள்வி: மாதம் வர வேண்டிய இடத்தில் எப்போதும் 00 வருகிறது, ஏன்?

தேதியின் வடிவத்தைச் சொல்லும் ஃபார்மட்டில் சதவீதக் குறிக்குப் பின் பெரிய எம் (M) போட்டிருக்கிறீர்கள். சின்ன எம்தான் மாதம், பெரிய எம் நிமிஷம். காட்டும்போது இப்படிச் செய்தால் 00 என்று கண்ணுக்காவது தெரியும். படிக்கும்போது செய்தால் மாட்டிக்கொள்வீர்கள்: 15/03/2024 என்பதைப் பெரிய எம்மோடு படித்தால் எரர் எதுவும் வராது, 2024 ஜனவரி 15, நள்ளிரவு தாண்டி 3 நிமிஷம் என்று எடுத்துக்கொள்ளும். ஜாவாவில் பழகியவர்களுக்குக் கைவாகில் இது வந்துவிடும், அங்கே பெரிய எம்தான் மாதம்.

கேள்வி: சார், என் சிஎஸ்வி ஃபைலில் 2024 ஏப்ரல் விற்பனை மட்டும்தான் இருக்கிறது. அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் லைப்ரரியில் மாதவாரியாகக் கூட்டினால் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை எல்லா மாதத்துக்கும் தொகை வருகிறது!

(சார் இல்லை, அக்கா.) உங்கள் பாண்டாஸ் 2.0-க்கு முந்தையது, அதைப் பார்க்காமலே சொல்லலாம். 01/04/2024 என்பதை அது அமெரிக்க முறையில் ஜனவரி 4 என்று படிக்கிறது. 02/04 பிப்ரவரி 4, 03/04 மார்ச் 4, இப்படியே 12/04 டிசம்பர் 4 வரை. 13/04 வந்ததும் 13-வது மாதம் கிடையாதே, அதனால் சத்தமில்லாமல் இடம் மாற்றி ஏப்ரல் 13 என்று சரியாகப் படித்துவிடும். ஆக, ஏப்ரலில் 4-ம் தேதியும் 13 முதல் 30 வரையும் மிஞ்சும். மற்ற 11 நாள் வருஷம் முழுக்கச் சிதறிவிடும்.

2023-ல் வந்த 2.0 பதிப்பு முதல் வரியைப் பார்த்து வடிவத்தை முடிவு செய்துகொண்டு, பொருந்தாத வரி வந்தால் எரர் போடும். முன்னேற்றம்தான். ஆனால் ஃபைலில் 1 முதல் 12 வரையுள்ள தேதிகள் மட்டும் இருந்தால் அப்போதும் வாய் திறக்காது.

நாள்தான் முதலில் என்று சொல்ல டேஃபர்ஸ்ட் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அது கட்டளை இல்லை, விருப்பம் மட்டுமே. ஃபார்மட்டையே எழுதிக் கொடுத்துவிடுங்கள்: சதவீதக் குறி சின்ன டி, சாய்கோடு, சதவீதக் குறி சின்ன எம், சாய்கோடு, சதவீதக் குறி பெரிய ஒய். அதற்கு முன் ஒரு சோதனை: சாய்கோட்டில் பிரித்து, முதல் பகுதியிலும் இரண்டாம் பகுதியிலும் உள்ள பெரிய எண்ணைப் பாருங்கள். இரண்டும் 12-ஐத் தாண்டினால் இரண்டு முறையில் எழுதிய தேதிகள் ஒரே ஃபைலில் கலந்திருக்கின்றன. அதை எந்த லைப்ரரியாலும் பிரிக்க முடியாது, அனுப்பியவருக்கு ஃபோன் போட வேண்டியதுதான்.

கேள்வி: பிறந்த தேதி 15/08/62. பைத்தான் 2062 என்கிறது.

இரண்டு இலக்க வருஷத்தைப் படிக்கும் சின்ன ஒய்யின் விதி அப்படி: 69 முதல் 99 வரை 1900-களில், 00 முதல் 68 வரை 2000-களில். பிறந்த தேதி இன்றைக்கு அப்பால் போனால் 100 வருஷம் கழித்துவிடுங்கள். 23 என்று இருந்தால் மட்டும் 1923-ல் பிறந்த பாட்டியா, 2023-ல் பிறந்த பேத்தியா என்று வேறு விவரத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

கேள்வி: எக்செலிலிருந்து எடுத்த நெடுவரிசையில் தேதிக்குப் பதில் 45292 இருக்கிறது. குப்பையா?

குப்பை இல்லை, நாள் கணக்கு. 1899 டிசம்பர் 30-ஓடு டைம்டெல்டாவாக (இத்தனை நாள் என்ற இடைவெளியாக) கூட்டுங்கள், 2024 ஜனவரி 1 வரும். எக்செலில் 1900 ஜனவரி 1-தான் 1, அப்படியானால் டிசம்பர் 31-லிருந்துதானே எண்ண வேண்டும் என்று தோன்றும். லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருள் 1900-ஐ லீப் வருஷமாக எண்ணிவிட்டது. அதன் ஃபைல்களோடு ஒத்துப்போக எக்செலும் அந்த இல்லாத பிப்ரவரி 29-ஐ வைத்துக்கொண்டது. அந்த ஒரு நாளுக்காகத்தான் 30.

கேள்வி: ஜாவாவில் 2024 டிசம்பர் 30 என்ற பில் 2025 டிசம்பர் 30 என்று அச்சாகிறது. வருஷம் முழுக்க ஒழுங்காக ஓடிய கோடு இது.

ஃபார்மட்டில் பெரிய ஒய் இருக்கும். ஜாவாவில் அது வாரத்தைச் சார்ந்த வருஷம். அந்த வாரம் 2025-ன் முதல் வாரமாக எண்ணப்படுகிறது. சின்ன ஒய் போடுங்கள். பைத்தானில் பெரிய ஒய் சாதாரண வருஷம்தான், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: 05-ல் இருக்கும் பூஜ்யம் வேண்டாம்.

லினக்ஸில் சதவீதக் குறிக்குப் பின் ஒரு கழித்தல் குறி, விண்டோஸில் ஹேஷ். இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் தேதியின் டே மதிப்பை நேராக எஃப்-ஸ்ட்ரிங்கில் போடுங்கள், வெறும் எண் அது.

கேள்வி: மாதப் பெயர் தமிழில் வருமா? சித்திரை, வைகாசி?

ஜனவரி, பிப்ரவரி என்று தமிழ் எழுத்தில் வர பேபெல் லைப்ரரி போதும். லொகேலை (மொழி, நாட்டு அமைப்பை) மாற்றியும் செய்யலாம், ஆனால் அது மொத்த புரோகிராமுக்கும் மாறும், வெப் சர்வரில் கை வைக்காதீர்கள். சித்திரை வேறு சமாச்சாரம். சூரியன் ராசி மாறுவதை வைத்து மாதம் பிறக்கிறது, நாள் எண்ணிக்கையும் மாதத்துக்கு மாதம் மாறும். பஞ்சாங்கக் கணக்கோ அட்டவணையோ வேண்டும், ஃபார்மட்டில் அடங்காது.

கேள்வி: ஃபைல் பெயரில் தேதியை எப்படி எழுதுவது?

2024-03-15. பெயர்வாரியாக அடுக்கினாலே தேதிவாரியாக வந்துவிடும். சாய்கோட்டை ஃபைல் பெயருக்குள் விண்டோஸும் விடாது, லினக்ஸும் விடாது.